கவர்மென்ட் எந்தத் தெருவில் இருக்கு?

போன இதழில் ஒரு வாசகி, அரசாங்கம் என்றால் என்ன என்று ஆறு வயது மகள் கேட்டதும் முழித்த கதையை எழுதியிருந்தார். நான் நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால் எல்லா வீட்டிலும் இதே கூத்துதான் போலிருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க இந்த ஒரு விஷயம்தான். கையெழுத்து, வாய்ப்பாடு பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், என் பையனுக்கு ஐந்து வயது. டிவியில் அரசு என்ற சொல் வந்தாலே "கவர்மென்ட் எந்தத் தெருவில் இருக்கு?" என்று கேட்கிறான். குடியரசுத் தலைவர், பிரதமர், முதலமைச்சர் என்று மேலிருந்து கீழே படம் போட்டுக் காட்டினேன். கொட்டாவி விடுகிறான். (ஒரு தந்தை, விருதுநகர்)

பதில்: தம்பி, அவன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். டெல்லியிலிருந்து ஆரம்பித்தது நீங்கள்தான். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நடத்தினேன். குடியரசுத் தலைவர் மாளிகையில் 340 அறைகள் என்று சொன்னதும் வகுப்பே வாயைப் பிளந்தது. மறுநாள் கேட்டால் 340 மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அந்த மாளிகையில் இருப்பவர் யார், என்ன செய்கிறார், ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அவன் எந்தத் தெரு என்று கேட்கிறான், அதனால் தெருவுக்கே கூட்டிக்கொண்டு போங்கள். தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், காலையில் வரும் குப்பை வண்டி, மழை பெய்தால் நிரம்பி வழியும் சாக்கடை, இதெல்லாம் நகராட்சி. கிராமமாக இருந்தால் ஊராட்சி. பஸ், வீட்டு மீட்டரைப் பார்க்க வருகிறாரே மின்வாரியக்காரர், போலீஸ் ஸ்டேஷன், இதெல்லாம் சென்னையில் இருக்கும் மாநில அரசின் கணக்கு. சிவப்புத் தபால் பெட்டி, ரயில், உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ரூபாய் நோட்டு, இதற்கெல்லாம் டெல்லி. நோட்டை எடுத்துத் திருப்பிக் காட்டுங்கள். பின்பக்கம் ஒரு கட்டத்தில் 15 மொழிகளில் அதன் மதிப்பு எழுதியிருக்கும். கீழிருந்து மூன்றாவது தமிழ். அதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அரை மணி நேரம் உங்களுக்கு நிம்மதி.

ஒவ்வொன்றையும் காட்டி மூன்றே மூன்று கேள்வி கேட்டுப் பழக்குங்கள். இது யார் வேலை? யார் காசு? கெட்டுப்போனால் யாரிடம் சொல்வது? ஐந்து வயதுக்கு அரசாங்கம் என்பது இவ்வளவுதான். என்னைக் கேட்டால் ஐம்பது வயதுக்கும் இவ்வளவுதான், ஆனால் அதை அவனிடம் இப்போதே சொல்ல வேண்டாம்.

கேள்வி: பேத்தி அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. காலையில் பள்ளியிலேயே உப்புமா, பொங்கல் கொடுக்கிறார்கள். "முதலமைச்சர்தான் தினமும் காசு கொடுக்கிறாரா, அது அவர் வீட்டுக் காசா?" என்றாள். ஆமாம் தாயி என்று சொல்லிவிட்டேன். சரிதானே? (ஒரு பாட்டி, கோவில்பட்டி)

பதில்: அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், பேத்தி உங்களைவிட விவரமாக இருக்கிறாள். அவர் வீட்டுக் காசா என்ற கேள்வி நம்மில் பாதிப் பேருக்கு வாயில் வருவதே இல்லை. நன்றி சொல்வதில் அவ்வளவு மும்முரம் நமக்கு.

அவர் வீட்டுக் காசு இல்லை. உங்கள் வீட்டுக் காசு, பேத்தியின் காசும் அதில் இருக்கிறது. இதை எப்படிக் காட்டலாம் தெரியுமா, பத்து ரூபாய்க்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்குங்கள். பிஸ்கட்டுக்கு இப்போது 5 சதவீதம் ஜி.எஸ்.டி. (2025 செப்டம்பர் 22க்கு முன்னால் 18 சதவீதம்). அந்தப் பத்து ரூபாய்க்குள்ளேயே ஏறக்குறைய 48 காசு வரியாக ஒளிந்துகொண்டிருக்கிறது. அதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. கொஞ்சம் பெரிய கடையாக இருந்தால் பில்லில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டு வரியாக அச்சாகியே வரும். அந்தச் சீட்டை அவள் கையில் கொடுத்து, "நீ இன்னிக்கு டெல்லிக்கு 24 காசு, சென்னைக்கு 24 காசு கொடுத்திருக்க" என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு முதலாளிக் களை வந்துவிடும். பென்சில், ரப்பர், நோட்டுக்கு இப்போது வரியே கிடையாது என்பதையும் சொல்லுங்கள். எதற்கு வரி போட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள் என்று அவளுக்குத் தானாகவே தோன்றும்.

அப்புறம் உப்புமா. இந்தக் காலை உணவு 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரிவாக்கினார். அதற்கு முன்பே காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார், அதுவும் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், எட்டயபுரத்தில். அதற்கும் முன்னால் 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் பார்த்தது. முதலமைச்சர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின, காமராஜர் மூட்டிய அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. அந்த அடுப்புதான் அரசாங்கம் என்று சொல்லுங்கள். திட்டத்தை யோசித்துக் கொண்டுவந்தவர்களுக்கு அதற்கான பெருமையைக் கொடுங்கள், அதில் தப்பே இல்லை. காசு யாருடையது என்பதை மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள்.

கேள்வி: டீச்சர் மிஸ், எனக்குப் பத்து வயது. கவர்மென்ட்தானே பணம் அச்சடிக்குது? நிறைய அச்சடிச்சு எல்லாருக்கும் கொடுத்துட்டா யாரும் ஏழையா இருக்க மாட்டாங்கல்ல? (ஐந்தாம் வகுப்பு மாணவன், ஓசூர்)

பதில்: கண்ணு, நல்ல மனசு உனக்கு. உன் வகுப்பில் ஒரு விளையாட்டு நடத்திப் பார். ஐந்து கடலை மிட்டாய் வாங்கி மேசையில் வை. பத்துப் பேருக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்து ஏலம் விடு. ஒரு மிட்டாய் பத்து ரூபாய்க்குப் போகும், ஐந்து பேருக்குத்தான் கிடைக்கும். இப்போது அதே பத்துப் பேருக்கும் ஆளுக்கு நூறு ரூபாய்க் காகிதம் கொடு. மிட்டாய் என்னவோ அதே ஐந்துதான். விலை மட்டும் நூறாகிவிடும், மீதி ஐந்து பேர் மறுபடியும் வெறுங்கையோடு நிற்பார்கள். ஜிம்பாப்வே என்று ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. அங்கே பணத்தை அச்சடித்துக்கொண்டே போய் 2009இல் 1 போட்டுப் பக்கத்தில் 14 பூஜ்யம் உள்ள ஒரே நோட்டை வெளியிட்டார்கள். அந்தப் பூஜ்யங்களை உன் நோட்டில் எழுதிப் பார், எனக்கே கை வலித்தது. அரசாங்கம் மிட்டாயின் எண்ணிக்கையைக் கூட்ட வழி பார்க்க வேண்டும், காகிதத்தை அல்ல.

கேள்வி: ஹெல்மெட் போடாமல் போன என் கணவரைப் போலீஸ் நிறுத்தி ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த மகள் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து, "சட்டத்தைப் போலீஸ்தான் போடறாங்களா? போலீஸ் தப்பு பண்ணினா யார் பிடிப்பாங்க?" என்று துளைக்கிறாள். (ஒரு தாய், மதுரை)

பதில்: அந்த ஆயிரம் ரூபாயை டியூஷன் ஃபீஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள் அம்மா, பாடம் முழுக்க அந்த ஹெல்மெட்டில்தான் இருக்கிறது.

ஹெல்மெட் போட வேண்டும் என்று சொல்வது மோட்டார் வாகனச் சட்டம், 1988இல் டெல்லியில் நாடாளுமன்றம் இயற்றியது. அதைச் செய்தவர்கள் நம் மாதிரி ஆட்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். வண்டியை நிறுத்திப் பிடித்தது தமிழ்நாடு போலீஸ். அவர்கள் அந்தச் சட்டத்தைப் போடவும் இல்லை, நினைத்தால் மாற்றவும் முடியாது. சரி, உங்கள் வீட்டுக்காரர் ஹெல்மெட் போட்டிருந்தும் அபராதம் விதித்திருந்தால்? அப்போது போலீஸும் அவரும் ஒரே மாதிரி கைகட்டி நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அது நீதிமன்றம். உங்கள் ஊரில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளையே இருக்கிறது, ஒரு நாள் அந்தப் பக்கம் போகும்போது வெளியிலிருந்தாவது காட்டுங்கள். போலீஸ் தப்பு செய்தால் தண்டிக்கும் அதிகாரம் அங்கே இருக்கிறது.

ஏன் மூன்று இடம், ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்பாள். பல்லாங்குழியை எடுங்கள். அண்ணனோ, பெரியம்மா பையனோ, யாராவது ஒருத்தன் விதியையும் தானே சொல்லி, ஆட்டத்தையும் தானே ஆடி, சண்டை வந்தால் தீர்ப்பையும் தானே சொன்னால் என்ன ஆகும்? அழுகுணி ஆட்டம். இந்தச் சொல் தெரியாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. அரசியலமைப்புச் சட்டம் எழுதியவர்கள் பக்கம் பக்கமாக எழுதியதில் ஒரு பெரும்பகுதி அழுகுணி ஆட்டம் ஆட விடாமல் தடுக்கத்தான்.

அப்பா கெட்டவரா என்று அவள் நினைத்திருப்பாள், அதையும் விட்டுவிடாதீர்கள். அப்பா தப்பு செய்தார், அபராதம் கட்டினார், அதோடு முடிந்தது. அடுத்த நாள் அவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிறாரா என்பதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கேள்வி: முதலமைச்சரை நாம்தானே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம்? மகன் இல்லை என்கிறான். (சேலம்)

பதில்: மகன் சொல்வது சரி. நீங்கள் தேர்ந்தெடுப்பது உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வை. அப்படி 234 பேர். அதில் பாதிக்கு மேல், அதாவது 118 பேர் யார் பக்கம் நிற்கிறார்களோ அவர் முதலமைச்சர். இதில் கவர்னருக்கு யார் ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்டால், யாரும் இல்லை. அவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்.

கேள்வி: ஊர், பெயர் வேண்டாம் டீச்சர். தேர்தலுக்கு முந்தின ராத்திரி வீட்டுக்கு வந்து பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாமனார் வாங்கி வைத்துக்கொண்டார். எட்டு வயது மகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "எதுக்கும்மா காசு கொடுக்கறாங்க?" என்றான். கோயில் நன்கொடை என்று பொய் சொன்னேன். மனசு உறுத்துகிறது.

பதில்: உறுத்தட்டும், நல்லதுதான்.

என் வகுப்பில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புக்குத் தலைவர் தேர்தல் வைத்தேன். துண்டுச்சீட்டு, சாக்பீஸ் டப்பாதான் ஓட்டுப் பெட்டி, விரலில் பேனா மை, எல்லாம் அமர்க்களமாக நடந்தது. நிஜத் தேர்தலில் வைக்கும் மை மைசூரில் ஒரு கம்பெனியில் தயாராகிறது, 1962 தேர்தலிலிருந்து அங்கிருந்துதான் வருகிறது, அதில் வெள்ளி நைட்ரேட் இருப்பதால்தான் தேய்த்தாலும் போகாது என்றெல்லாம் பெருமையாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் பின் பெஞ்சில் வேறு பாடம் நடந்திருக்கிறது. ஒரு பையன் ஆளுக்கு இரண்டு தேன் மிட்டாய் கொடுத்து ஜெயித்துவிட்டான். ஒரு மாதம் போனது. கரும்பலகை துடைக்கவில்லை, தண்ணீர்ப் பானை நிரப்பவில்லை, சண்டையைத் தீர்த்துவைக்கவில்லை. பிள்ளைகள் போய்க் கேட்டதற்கு அவன் ரொம்ப நிதானமாக, "அதான் மிட்டாய் கொடுத்துட்டேன்ல?" என்றானாம். நான் அவனைத் திட்டவே இல்லை. அன்றைக்கு அதைவிட நல்ல பாடத்தை என்னால் நடத்தியிருக்க முடியாது.

இதே கதையை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். காசு கொடுத்தவருக்கு நம்மோடு கணக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது, பிறகு ரோடு போடச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது? கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பண விநியோகம் காரணமாகவே 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல்களையும், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையும் ரத்து செய்து பிறகு நடத்த வேண்டி வந்தது. கோயில் நன்கொடை பொய்யை வாபஸ் வாங்கிக்கொண்டு, "தாத்தா வாங்கியிருக்கக் கூடாது, நானும் உன்னிடம் பொய் சொல்லியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். மாமனார் காதில் விழுந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகளை உத்திரமேரூர் கல்வெட்டுப் பார்க்கக் கூட்டிப்போகிறோம். ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம் ஊரில் ஜனநாயகம் இருந்தது என்று சொல்லலாம்தானே? (செங்கல்பட்டு)

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ஜனநாயகம் என்று ஒரேயடியாக அடித்துவிடாதீர்கள்.

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அவை, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாக (இன்றைய வார்டு மாதிரி) பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். குடவோலை என்ற பெயர் அதனால்தான். அந்தச் சிறுவன் இடத்தில் உங்கள் பிள்ளைகளை நிற்க வைத்துச் சொன்னால் கண் விரியக் கேட்பார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம் என்று குழுக்கள் இருந்தன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் மறுபடி வரவே முடியாது. அந்த ஒரு விதிக்காகவே அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிடலாம்.

ஆனால் ஓலையில் யார் பெயர் இருந்தது? வரி கட்டும் கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். பெண்கள் கிடையாது, நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் கிடையாது. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில்தான் 21 வயதான எல்லோருக்கும், ஏறக்குறைய 17 கோடிப் பேருக்கு, ஆணோ பெண்ணோ, நிலம் இருக்கிறதோ இல்லையோ, ஆளுக்கு ஓர் ஓட்டு என்று வந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான் அன்றைக்கு. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். இன்றைக்கு நாம் சின்னத்துக்காக அடித்துக்கொள்கிறோமே, அது எழுத்துத் தெரியாதவருக்கும் ஓட்டு உண்டு என்று முடிவு செய்ததால் வந்தது. குடத்தைக் காட்டும்போது இந்தப் பெட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: மிஸ், எனக்கு ஒன்பது வயசு. நான் ஏன் ஓட்டுப் போடக் கூடாது? எங்க தெரு லைட் மூணு மாசமா எரியல. டியூஷன் முடிஞ்சு வர பயமா இருக்கு. ஓட்டு இருந்தா நான் கேப்பேன்ல? (நான்காம் வகுப்பு மாணவி, ஒரு கிராமம்)

பதில்: தங்கம், 18 வயது ஆக வேண்டும். முன்பெல்லாம் 21, 1989இல்தான் மூன்று வருடம் குறைத்தார்கள். உனக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது, அதுவரை இருட்டில் வர முடியாது. ஓட்டு இல்லாவிட்டாலும் கேட்கலாம், வா.

உங்கள் ஊரில் கிராம சபைக் கூட்டம் நடக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இவைதான் நாட்கள். ஊரில் ஓட்டு உள்ள யார் வேண்டுமானாலும் அங்கே எழுந்து கேட்கலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. விளக்கு விஷயத்தைத் தீர்மான நோட்டில் எழுத வைக்கச் சொல். வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். விளக்குக் கம்பத்தில் பெயின்ட்டால் ஒரு எண் எழுதியிருக்கிறதா என்று பகலில் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள். தபால் ஆபீசில் 50 காசுக்கு அஞ்சலட்டை கிடைக்கும், இரண்டு வாங்கு. ஒன்று ஊராட்சி மன்ற அலுவலகத்துக்கு, இன்னொன்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. தெருப் பெயர், கம்பத்து எண், எத்தனை நாளாக எரியவில்லை, எத்தனை மணிக்கு நீ அந்த வழியாக வருகிறாய், இந்த நான்கும் போதும். எழுதிய தேதியைப் போடு, பின்கோடை மறக்காதே. விளக்கு எரிந்தால் எனக்கும் ஓர் அட்டை போடு. எரியாவிட்டாலும் போடு.